ஜாமெட்ரி பெட்டி மூடியில் ஒரு பிடி கரிசல் மண்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலுள்ள ஒரு தமிழ் வழிப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தி, சென்ற மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு ஐப்பசியிலும், சார்ட்டுச் சுருள்களையும் அட்டைப் பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பிள்ளைகளுடன் காலை முதல் பேருந்தில் ஏறி, அறிவியல் மேளா என்னும் பள்ளிக் கண்காட்சிப் போட்டிக்குச் சென்றிருக்கிறேன். எனக்குப் பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் இளம் ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் முதலில் கேட்பது, "டீச்சர், எந்தத் தலைப்பை எடுத்தால் பிரைஸ் கிடைக்கும்?" என்பதுதான். அவர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. நடுவர் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்கும்போது பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொல், அந்தப் பிள்ளை தன் கையால் செய்து, ஒருமுறையாவது தோற்று, தன் மொழியில் யோசித்துக் கண்ட சொல்லாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

கேரளத்துப் பள்ளிகளின் முறையை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அறிவியல், கணிதம், சமூக அறிவியல், பணி அனுபவம், தகவல் தொழில்நுட்பம் ஆகிய ஐந்துக்கும் இங்கே மேளாக்கள் நடக்கின்றன. பள்ளியில் தொடங்கி, சப் ஜில்லா என்னும் கல்வி உட்மாவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போட்டி படிப்படியாக மேலே செல்லும். அறிவியல் பிரிவில் இயங்கும் மாதிரி, நிலை மாதிரி, கைக்குக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யும் சோதனைகள், ஆய்வுச் செயல்திட்டம் என்று பல இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் இருவர் சேர்ந்து ஓர் அணி. பணி அனுபவ மேளாவில் மட்டும் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து மூன்று மணி நேரத்துக்குள் பொருளைச் செய்து முடிக்க வேண்டும் என்பதால், வீட்டிலிருந்து பிறர் செய்து கொடுத்ததைக் கொண்டுவர வழியே இல்லை. ஐந்து மேளாக்களிலும் மிக நேர்மையானது அதுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றியிருக்கிறது. கலோற்சவம் என்னும் பள்ளிக் கலை விழாவைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்த மேளாக்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதுவதில்லை.

என் தவற்றை முதலில் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு, மண்ணின் ஈரம் குறைந்தால் தானாகவே மோட்டார் ஓடித் தண்ணீர் பாய்ச்சும் மாதிரி ஒன்றைச் செய்வது என்று முடிவு செய்தோம். "செய்தோம்" என்று எழுதுகிறேன். உண்மையில் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவள் நான், மரப்பலகையை அறுத்துக் கொடுத்தவர் தெருமுனைத் தச்சர், மின்சுற்றை இணைத்துப் பெட்டிக்குள் அடைத்துத் திருகாணி போட்டு மூடித் தந்தவர் எனக்குத் தெரிந்த ஓர் எலக்ட்ரீஷியன். ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இருவருக்கும் நான் கொடுத்த வேலை, இரண்டு பக்க விளக்கத்தை மனப்பாடம் செய்வது மட்டுமே. அதை அவர்கள் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். செயற்கைப் புல், தெர்மாகோல் வீடு, நீல நிறக் கால்வாய் என்று பார்க்க அழகாக இருந்தது. பள்ளி மேலாளர் வந்து பார்த்து மகிழ்ந்தார்.

மதிப்பீடு நடக்கும்போது உடன் வந்த ஆசிரியர்கள் உள்ளே இருக்கக் கூடாது. நான் சன்னலுக்கு வெளியே நின்றேன். விளக்கம் முடிந்ததும் நடுவர், மண்ணில் செருகியிருந்த இரண்டு ஆணிகளைக் காட்டி, "இவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். கடினமான கேள்வி அன்று; ஆணிகளை ஒரு முறை பிடுங்கி வேறிடத்தில் குத்திப் பார்த்திருந்தால் எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும். மூத்தவள் மீண்டும் மனப்பாடப் பத்தியின் தொடக்கத்துக்கே போனாள். இளையவள் தரையைப் பார்த்தாள். நடுவர் அதட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். திரும்பி வரும் பேருந்தில், அந்த மாதிரியைத் தன் பாவாடை மேல் வைத்துக்கொண்டிருந்த இளையவள் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், அந்தப் பெட்டிக்குள்ள என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். நான்கு மாதம் அவள் முன்னாலேயே இருந்த பெட்டி அது. திருகாணியைக் கழற்றி அவளுக்கு ஒரு முறைகூட நான் காட்டவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஜூனில் முறையை மாற்றினேன். தலைப்பை நான் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆறு, ஏழாம் வகுப்புகளில் மேளாவுக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் "இது ஏன் இப்படி?" என்று தோன்றும் ஒன்றை நாள்தோறும் ஒரு வரியில் எழுதச் சொன்னேன். பேனாவால் எழுத வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது, தவறானதை ஒரு கோடு போட்டு அடிக்கலாமே தவிர அழிக்கக் கூடாது, என் பேனா அந்த நோட்டில் படாது என்பவைதான் விதிகள். முதல் இரண்டு வாரங்கள் பாடநூலில் இருக்கும் கேள்விகளையே எழுதி வந்தார்கள். பெரியவர்களுக்குப் பிடித்ததை எழுத வேண்டும் என்ற பழக்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை. மூன்றாவது வாரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரத் தொடங்கின. கள் இறக்கும் தென்னைக்கும் காய் பறிக்கும் தென்னைக்கும் ஓலையில் வேறுபாடு உண்டா, நிலக்கடலைச் செடியின் பூ மேலே பூத்தும் காய் ஏன் மண்ணுக்குள் காய்க்கிறது, எங்கள் வீட்டுச் சுவர் வெடிப்பு கோடையில் அகலமாகவும் மழையில் சிறியதாகவும் இருப்பது ஏன்.

கடைசிக் கேள்வியை எழுதியவள் எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை, அப்பா கொத்தனார். கேரளத்தின் பெரும்பகுதி செம்மண்ணும் செம்பாறையுமாக இருக்க, கரிசல் மண் காணப்படுவது எங்கள் சித்தூர் தாலுகாவின் சில பகுதிகளில் மட்டுமே. மழை மறைவுப் பகுதியான இந்த மேட்டு நிலத்தில் கோடைக்காலத்தில் கைவிரல் நுழையும் அளவுக்கு நிலம் பாளம் பாளமாக வெடிப்பதை இங்குள்ள எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அது ஏன் என்று கேட்டவள் அவள்தான். கரிசலில் உள்ள மாண்ட்மொரில்லோனைட் என்னும் களிக்கனிமம் அடுக்கடுக்கான நுண்தகடுகளால் ஆனது, தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் அவை விலகி மண் உப்பும், நீர் வெளியேறினால் நெருங்கி மண் சுருங்கும் என்பதை நான் விளக்க இரண்டு நிமிடம் போதும். நான் விளக்கவில்லை. "எவ்வளவு சுருங்குதுன்னு முதல்ல அளந்து பாரு கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

எதில் அளப்பது என்று அவளும் அவள் தோழியும் இரண்டு நாள் யோசித்து, பழைய ஜாமெட்ரி பெட்டியின் தகர மூடியை எடுத்து வந்தார்கள். உட்புற நீளம் 16 செ.மீ. கரிசல் மண்ணைத் தூளாக்கிச் சலித்து, தண்ணீர் விட்டு இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, மூடியில் நிரப்பி, ஸ்கேலால் மேற்புறத்தை வழித்துச் சமன்படுத்தி வெயிலில் வைத்தார்கள். மூன்றாம் நாள் மண் நடுவில் இரண்டு இடங்களில் வெடித்து மூன்று துண்டுகளாகிவிட்டது. எதை அளப்பது என்று தெரியவில்லை. இருவருக்கும் அழுகை வந்துவிட்டது. "இன்னிக்குத் தேதி போட்டு, என்ன ஆச்சோ அதை அப்படியே எழுதுங்க" என்றேன். எழுதும்போதே ஒருத்தி, மண்ணின் இரண்டு முனைகளும் தகரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். முனைகள் நகர முடியாததால் நடு உடைந்தது என்பது அவர்களுக்கே விளங்கியது. அம்மா இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுவதை நினைத்துக்கொண்டு, இரண்டாம் முறை மூடிக்குள் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். மண் ஆய்வுக்கூடங்களிலும் இந்தச் சோதனைக்கு அச்சின் உட்புறத்தில் எண்ணெய்ப் பசை தடவுவது உண்டு. அதைப் பிறகுதான் அவர்களுக்குச் சொன்னேன். சொன்னபோது அவர்கள் முகத்தில் தோன்றியது எந்தப் பரிசுக்கும் தோன்றியதில்லை.

இரண்டாம் முறையும் சரியாக வரவில்லை. ஆடி மாதம்; பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் துணியைக் கொடியில் நிற்கவிடாது. மண்ணின் மேற்புறம் சீக்கிரம் காய்ந்து, அடிப்புறம் ஈரமாகவே இருந்ததால், முனைகள் இரண்டும் முறத்தின் விளிம்பு போல மேலே வளைந்துகொண்டன. அதையும் படம் வரைந்து எழுதி வைத்தார்கள். மூன்றாம் முறை மூடியை மாட்டுத் தொழுவத்தின் நிழலில் வைத்து, முதல் இரண்டு நாள் நனைத்த சாக்கைச் சற்று உயரத்தில் கட்டி மூடி, பிறகு காற்றாட விட்டார்கள். ஒன்பதாம் நாள் அளந்தபோது கரிசல் மண் 16 செ.மீ.யிலிருந்து 13.9 செ.மீ. ஆகியிருந்தது. அதே முறையில் செய்த செம்மண் 15.6. ஆற்று மணல் சுருங்கவே இல்லை. மூடியைச் சாய்த்ததும் உதிர்ந்து கொட்டியது. மூன்று தோட்டங்களிலிருந்து கரிசல் எடுத்து, ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை செய்து முடிப்பதற்குள் ஓணப் பரீட்சை வந்துவிட்டது. மாண்ட்மொரில்லோனைட்டைப் பற்றி அதன் பிறகே பேசினேன். "அவல் ஊறினா உப்பற மாதிரிங்களா டீச்சர்?" என்று கொத்தனார் மகள் கேட்டாள். அந்த உவமையையே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இனி மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லைப் பகுதியில் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. எங்கள் பிள்ளைகள் வீட்டிலும் வகுப்பிலும் தமிழில் பேசுகிறவர்கள். கடைத்தெரு மலையாளம், பேருந்து மலையாளம் எல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளம் என்றால் தண்ணீர் என்று எந்தக் குழந்தைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிக்கல், படிப்பு சார்ந்த மலையாளத்தில்தான். நாம் அறிந்த சொல்லைப் போலவே ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள் அங்கே பல. மலையாளத்தில் பரீக்ஷ என்றால் தேர்வு, பரீக்ஷணம் என்றால் சோதனை. ஓராண்டு நடுவர் எங்கள் பிள்ளையிடம், "பரீக்ஷணம் எத்ர தவண செய்து?" என்று கேட்டார், சோதனையை எத்தனை முறை செய்தாய் என்பது கேள்வி. அந்தப் பிள்ளை, "ஓணப் பரீட்சை முடிஞ்சிருச்சுங்க சார்" என்று பதில் சொன்னான். அவன் அந்தச் சோதனையை எட்டு முறை செய்தவன். இன்னொரு முறை நடுவர் மனம் நிறைந்து "நல்ல ஸ்ரமம்" என்று பாராட்டியதை, நம் சிரமம் என்று எடுத்துக்கொண்டு ஒரு சிறுமி வாடிப் போனாள். அவர்கள் மொழியில் அது முயற்சி. "ஒரு அவசரம் கூடி தராம்" என்றால் இன்னொரு வாய்ப்புத் தருகிறேன் என்று பொருள். நம் பிள்ளை அதைக் கேட்டுப் பதறி, இன்னும் வேகமாகப் பேசத் தொடங்கும்.

இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. ஆகஸ்டு மாதத்திலேயே நோட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்திகள் போட்டு, அவர்களுடைய வேலையில் வரும் சொற்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதச் செய்தேன். எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளலாம். நிலத்தின் வெடிப்பை மலையாளத்தில் விள்ளல் என்பார்கள் என்று தெரிந்தபோது, நம் மொழியிலும் விள்ளுதல் என்றால் பிளத்தல்தானே என்று பேச்சு வளர்ந்து, அன்றைய அறிவியல் வகுப்பு முழுவதும் தமிழ் வகுப்பாகிவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. விளக்கத்தை மலையாளத்தில் மனப்பாடம் செய்ய வைப்பது சில பள்ளிகளின் வழக்கம். அதை நான் முழுவதும் நிறுத்திவிட்டேன். மனப்பாடம் செய்த மொழியில் பிள்ளையால் ஒப்பிக்க முடியும், பதில் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு மலையாள வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தேன்: "தமிழில் பறஞ்ஞோட்டே?" தமிழில் சொல்லட்டுமா என்று பணிவாகக் கேட்கும் பிள்ளையிடம் முகம் திருப்பிய நடுவரை நான் பார்த்ததில்லை; பாலக்காட்டில் மெதுவாகச் சொன்னால் தமிழ் புரியாதவர்கள் குறைவு. கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லி மீண்டும் கேட்கும் துணிவையும் வகுப்பிலேயே பழக்க வேண்டும்.

எழுத்துப் போட்டிகளுக்கு இது போதாது. ஒரு வினாடி வினாவில் எங்கள் மாணவன் தமிழில் எழுதிய விடைத்தாளைத் திருத்த, தமிழ் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. எங்கே, எந்த ஆண்டு என்பதைச் சொல்ல விரும்பவில்லை. வாசல் வாசலாக நான் அலைந்தும் அன்று பயன் இல்லாமல் போயிற்று. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தமிழ் வழிப் பிள்ளை வருகிறான் என்பது அவர்களுக்கு முன்னதாகத் தெரியவில்லை. அதனால் அதற்குப் பிறகு, பெயர்களைப் பதிவு செய்யும் நாளிலேயே, எந்தப் பிள்ளை எந்தப் போட்டியில் தமிழில் எழுதுகிறான் என்பதைத் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் தனிக் கடிதமாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். போட்டி நாளன்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. இந்த ஒரு கடிதத்தை மட்டும் யாரும் மறக்க வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

எண்களைப் பிள்ளைகள் கையாள்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சமூக அறிவியல் மேளாவுக்காக எங்கள் மாணவர் இருவர் சித்தூர்ப் புழை என்னும் ஆற்றின் பாசனத்தைப் பற்றி ஒரு மாதிரி செய்தார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தாகி, 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது, சித்தூர்ப் பள்ளத்தாக்குக்காக மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும், அது மூலத்தரை மதகணையில் பிரிந்து கால்வாய்களில் பாய்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இங்கே விவசாயக் குடும்பங்களில் 7.25 என்ற எண்ணைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை கிடையாது. "டி.எம்.சி.ன்னா என்னப்பா?" என்றேன். "ஆயிரம் மில்லியன் கன அடிங்க." "ஒரு கன அடின்னா எவ்வளவு?" இருவரும் விழித்தார்கள். அட்டையால் நீளம், அகலம், உயரம் ஒவ்வோர் அடியுள்ள பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே பாலிதீன் விரித்துக் குடத்தால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். 28.3 லிட்டர், வீட்டுக் குடத்தில் கிட்டத்தட்ட இரண்டு குடம். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 725 கோடியை 28.3ஆல் பெருக்கி, 20,500 கோடி லிட்டருக்கு மேல் என்று கண்டபோது, அவர்களில் ஒருவன், "அப்ப ஒரு வருசம் தண்ணி குறைஞ்சா எத்தனை குடம் குறையுமுங்க!" என்றான். அன்று முதல் அந்த எண் அவனுடையது. போட்டிக்குப் பிள்ளைகள் சுமந்து செல்லும் ஒவ்வோர் எண்ணையும் ஏதாவதொரு வீட்டுப் பாத்திரத்தால் ஒரு முறை அளந்து பார்க்க வைத்துவிட வேண்டும்.

போட்டி நாளின் சிறு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தின இரவு பிள்ளைக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது. சார்ட்டுகளைப் பிள்ளையே எழுதட்டும்; கோணல் எழுத்துக்காக மதிப்பெண் குறைந்ததை நான் கண்டதில்லை, அச்சடித்த பலகைக்கு முன் நடுவர்கள் சந்தேகத்தோடு நிற்பதைக் கண்டிருக்கிறேன். எதையெல்லாம் ஒட்ட வேண்டுமோ அதற்கான பசை, நூல், ஆணி, கத்தரி, நீட்டிப்புக் கம்பி எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டுப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட வேண்டும். தண்ணீர் தேவைப்படும் சோதனை என்றால் தண்ணீரையும் நம் கையிலேயே கொண்டுபோக வேண்டும். பெண் பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. மாலையில் இருட்டிய பிறகு வேலந்தாவளம் பக்கத்துக்குப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அந்தத் துணையின் அருமை தெரியும். மேலும், ஒரு தடவை வந்து பார்த்த அம்மா அடுத்த ஆண்டு தன் மகளை அனுப்பத் தயங்குவதே இல்லை.

மேளாக்களைத் தவிர, எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வையும் விட்டுவிடக் கூடாது. சிந்தனைத் திறனில் 90 கேள்விகள், பாடத்தில் 90 கேள்விகள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கொத்தனார் வீட்டிலும் கள் இறக்குபவர் வீட்டிலும் அந்தத் தொகை ஒரு பெண் பிள்ளையின் படிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், வில்லேஜ் ஆபீஸில் வருமானச் சான்றிதழுக்குக் கடைசி வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்க வேண்டும்.

கரிசல் மண் பிள்ளைகளின் நாளுக்கு வருகிறேன். நடுவர் இருவர் வந்தார்கள். மூத்தவள் எழுந்து, "தமிழில் பறஞ்ஞோட்டே?" என்றாள். அவர்களில் ஒருவர் சிரித்து, "பறஞ்ஞோளூ" என்றார். ஐந்து மூடிகளில் காய்ந்து கிடந்த மண்ணைப் பார்த்த அவர் விரலால் தகரத்தைத் தொட்டு, "எண்ணெய் எதற்கு?" என்று கேட்டார். அவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்து, முதல் முறை மண் மூன்று துண்டான நாளின் பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தாள். எண்ணெய்க் கறை படிந்த பக்கம் அது. பிறகு அவர்கள் நோட்டை நாங்கள் எதிர்பார்க்காத அளவுக்கு நேரம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். "பரீக்ஷணம் எத்ர தவண?" என்ற கேள்வியும் வந்தது; ஒன்பது தடவை, சரியாக வராத இரண்டைச் சேர்த்தால் பதினொன்று என்று இளையவள் சொன்னாள். கடைசியில், "சரி, இந்த மண் சுருங்காமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அது அவர்கள் நோட்டில் இல்லை. சன்னலுக்கு வெளியே என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கொத்தனார் மகள் சற்று யோசித்துவிட்டு, "தெரியலைங்க சார். ஆனா எங்கப்பா வீடு கட்டறப்ப கரிசலைத் தோண்டி எடுத்துட்டுக் கிராவல் போடுவாருங்க. ஏன்னு அவருகிட்டக் கேட்கணும்" என்றாள்.

ஏ கிரேடு கிடைத்தது, மாவட்டத்துக்குத் தேர்வாகவில்லை. பேருந்தில் அவர்கள் இருவரும் அழவில்லை. நடுவரின் கடைசிக் கேள்வியைப் பற்றியே கொழிஞ்சாம்பாறை வரும் வரை பேசிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் நாள், அவளுடைய அப்பா வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். ஆறு ஆண்டுகளில் அவர் பள்ளிக்குள் வந்தது அதுவே முதல் தடவை. கையில் ஒரு பழைய சிமென்ட் பை. அதில் நீற்றிய சுண்ணாம்பு. "பாப்பா கேட்டுதுங்க டீச்சர். கரிசல்ல சுண்ணாம்பு கலந்தா அப்படிச் சுருங்காதுன்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு. எவ்வளவு கலக்கணும்னு எனக்குக் கணக்குத் தெரியாதுங்க, கை அளவுதான்" என்றார். அவருக்குப் பின்னால் அவள் ஆறு மூடிகளை அடுக்கி நூலால் கட்டி எடுத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மூடியின் அடியிலும் சுண்ணாம்பின் அளவு எழுதப்பட்டிருந்தது: ஒன்றுமில்லை, ஒரு ஸ்பூன், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அலமாரியைத் திறந்து அவளுக்குப் புதிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அப்பா முதல் பக்கத்தில் தேதி எழுதப்படும் வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.